மதுரைக்கு ஓதம் வரும் நேரம்

காரங்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்தன
முப்பது நத்தைகள், ஈரச் சாக்கில்.
சேற்றுக்குத் தனியாக லக்கேஜ் போட்டானாம் கண்டக்டர்.
ஹாஜிரா சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே
ஒவ்வொரு முதுகிலும் சிவப்பு நகப்பூச்சால்
நம்பர் எழுதினாள்.

என் வேலை குவளை கழுவுவது,
தவளைக்கு ஃபார்மலின் மாற்றுவது,
விலங்கியல் ஆய்வகத்துச் சாவியை
அரைஞாணில் முடிந்துகொண்டு திரிவது.
பெயர் முத்திருளாண்டி. வீடு செல்லூர்.
கடலை நான் பார்த்தது இரண்டு முறை,
இரண்டும் சாம்பல் கரைக்க.

தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்.
அளந்து போட்ட கல்லுப்பு.
நடுவே நட்டுவைத்த கண்டல் கட்டைகள்.
அலை கிடையாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி,
நிலாவும் கிடையாது.
"ராத்திரி எத்தனை மணிக்கு ஏறுதுன்னு மட்டும்
எழுதி வைங்கண்ணே" என்று
நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்
தொண்டிக்கு, நோன்புப் பெருநாளுக்கு.

முதல் ராத்திரி ஒன்று இருபது.
பதினேழாம் நம்பர்தான் முதலில் அசைந்தது.
பின்னாலேயே மற்றவை,
சினிமா விட்டு வந்தவர்கள்
மாடிப்படி ஏறுவதுபோல, பேச்சில்லாமல்.
மறுநாள் இரண்டு பத்து.
அதற்கு மறுநாள் மூன்று.
தினம் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி.
அந்நேரம் காரங்காட்டில்
வேர்களைத் தொட்டிருக்கும் தண்ணீர்.
இங்கே அதே ஒரு சாண்.

எங்கள் தெருவில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கிய ராத்திரி
ஒருவரும் முன்னால் ஏறவில்லை.
முதுகு நனைந்துதான் விழித்தோம்.
ரேஷன் அரிசி என் தலையில்,
கைப்பிள்ளை அவள் தோளில்,
மாடி வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை
படியிலேயே நின்றோம்.
தாசில்தார் ஆபீஸுக்கும் தெரியாதது
கட்டைவிரல் பருமன் உள்ள இதற்கு
எப்படியோ தெரிகிறது.

இறங்கினால் இலை.
மஞ்சளாகி உதிர்ந்த கண்டல் இலை,
வாயில் வைத்தால் உப்பும் துவர்ப்பும்.
(வைத்துப் பார்த்தேன். ஹாஜிராவிடம் சொல்லவில்லை.)
அவற்றின் நாக்கு நாக்கா அரமா தெரியாது.
காதைக் கிட்டக் கொண்டுபோனால்
நகத்தால் காகிதம் சுரண்டும் சத்தம்.
நாலு நாளில் நரம்பு மட்டும் மிச்சம்,
தொட்டியடியில் கறுப்பு மாவு.
அந்த மாவை இறால் குஞ்சு தின்னுமாம்,
இறாலை மீன் தின்னுமாம்,
யாரும் தின்னாத இலையை முதலில் கடிக்க
இது வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில்
தொண்டி நகரை என்று கூவியவனிடம்
அரைக் கிலோ வாங்கினேன்.
குழம்பில் எங்கோ அந்த இலை இருந்திருக்கும்.
புளி தூக்கல், தெரியவில்லை.

சூப்பிரண்டு வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்.
"என்னய்யா இது, சாக்கடை நாத்தம்."
சாக்கடை நாத்தம் எனக்குத் தெரியும் சார், இது அது இல்லை,
அது தேங்கின நாத்தம்
இது செரிச்ச நாத்தம் என்றேன்.
துணை முதல்வரிடம் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

காலையில் சைக்கிளில் பாலம் ஏறினால்
கீழே வைகை: ஆகாயத்தாமரை, இரண்டு எருமை,
வெளுத்துக் காயப்போட்ட ஒரு மைல் வேட்டி.
இந்த ஆறு கடலுக்குப் போகாது,
ராமநாதபுரம் கண்மாயோடு சரி என்று
மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.
நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் ராத்திரி எல்லாம் ஏறின.
பதினேழு ஏறவில்லை.
தட்டினேன். மூடி திறந்து கிடந்தது.
ஓட்டைக் கழுவினேன், உள்ளே ஒன்றும் இல்லை வரைக்கும்.
பிறகு கட்டைமேல் வைத்தேன்,
அந்நேரத்துக்கு அது போயிருக்கவேண்டிய உயரத்தில்.
நோட்டில் குறிப்பு என்ற கட்டம்
நாலு நாளாகக் காலி.
அதில் எழுதினேன்: தண்ணீர் வந்தது.

அவளுடைய புரொபசர் பக்கத்திலேயே
சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருந்தார்.
ஹாஜிரா அதைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்,
கட்டை உச்சியில் நகப்பூச்சுப் பதினேழைப் பார்த்தாள்.
"தண்ணி எங்கண்ணே வந்துச்சு?"

நாலு நாற்பதுக்கு, என்றேன்.